கடைசி பஸ் எத்தனை மணிக்கு?
நகரப் போக்குவரத்துக் கொள்கை பற்றிப் பெண்கள் சொல்வது என்ன?

எமது மாதாந்தக் கூட்டம் வழமையாகப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். சேமிப்புக் கணக்கு, கோழி வளர்ப்புக்கான கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாகப் பேசி வரும்போது மூன்றரை மணியாகிவிடும். அதற்குப் பிறகு எவருடைய மனமும் கூட்டத்தில் இருப்பதில்லை. ஒருவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். இன்னொருவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மூன்றாமவர், "மிஸ், குறை நினைக்காதேங்கோ. நாலேகால் பஸ்ஸை விட்டால் எனக்கு வேற வழியில்லை" என்று எழுந்துவிடுவார்.

பல காலமாக இதை நான் கூட்டத்துக்கு ஏற்பட்ட இடையூறாகவே எண்ணியிருந்தேன். 'பங்குபற்றுநர்களின் ஆர்வம் போதாது' என்று ஒரு மாத அறிக்கையில் எழுதியும் இருக்கிறேன். அது எவ்வளவு பிழையான கூற்று என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. அவர்களுக்கு ஆர்வம் இருந்தது. பஸ்தான் இருக்கவில்லை.

எனக்கு அதை விளங்கவைத்தவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு தாய். 2009இல் கணவரைத் தொலைத்தவர். இரண்டு பிள்ளைகள். நகரிலுள்ள ஒரு புடைவைக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். எட்டு மாதத்தில் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். கடை பூட்டுவது மாலை ஆறு மணிக்கு. ஊருக்குக் கடைசி பஸ் நாலேகாலுக்கு. மாலையில் ஓட்டோ பிடித்து வந்தார். மாத முடிவில் கணக்குப் பார்த்தபோது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டோவுக்கே போயிருந்தது. அத்துடன், "ஒவ்வொரு நாளும் ஒரே ஓட்டோவில வந்திறங்கிறாள்" என்று ஊரில் ஒரு கதையும் கிளம்பியது.

"வேலை செய்ய எனக்கு ஏலும் மிஸ். வீட்டை வந்து சேரத்தான் ஏலாது" என்றார் அவர்.

அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகே போக்குவரத்துப் பற்றி எமது சகோதரிகளிடம் விசாரிக்கத் தொடங்கினேன். அவர்கள் சொன்னவற்றையும் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கொள்கை என்பது எங்கோ இருப்பதல்ல

'அரசாங்கத்தின் போக்குவரத்துக் கொள்கை' என்று சொன்னால் அது கொழும்பில் பெரிய மனிதர்கள் பேசும் விடயம் என்றே நம்மில் பலர் நினைக்கின்றோம். ஆனால் காலையில் சந்தியில் நின்று பஸ்ஸைப் பார்த்திருக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு கொள்கையின் விளைவைத்தான் அனுபவிக்கிறாள். அந்தப் பஸ் யாருடையது, எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும், எவ்வளவு கட்டணம் என்பவையெல்லாம் எங்கோ ஒரு மேசையில் முடிவு செய்யப்பட்டவையே.

இலங்கையில் பஸ் சேவைகள் 1958 ஜனவரி 1ஆம் திகதி தேசியமயமாக்கப்பட்டன. அதற்கு முன்னர் தனியார் கம்பனிகளே பஸ் ஓட்டின. எல்லாச் சேவைகளையும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பொறுப்பேற்றது. இன்றும் எமது மூத்தவர்கள் அரச பஸ்ஸை 'சீ.ரீ.பி.' என்று சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம். 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்த அரச பஸ் சேவை, 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் மீண்டும் ஒரே சபையாக்கப்பட்டது. அதையே இன்று இ.போ.ச. என்கின்றோம்.

இதில் இன்னொரு பிரிவையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதி வழங்குவதும் நேரம் குறிப்பதும் மாகாணத்தின் பொறுப்பு. 1987இன் 13ஆவது திருத்தம் இவ்வதிகாரத்தை மாகாண சபைகளுக்கு வழங்கியது. மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் பஸ்கள் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. இ.போ.ச. பஸ்கள் மத்திய அரசின் கீழ் உள்ளன. பஸ் நிலையமும் பஸ் தரிப்பிடமும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருக்கின்றன. எனவே, "பஸ் வரவில்லை" என்ற ஒரு முறைப்பாட்டை நான்கு வாசல்களில் எந்த வாசலில் சொல்வது என்று தெரியாமல் நாம் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

போர்க்காலத்தில் எமக்குக் கொள்கையும் இருக்கவில்லை, பஸ்ஸும் இருக்கவில்லை. எரிபொருள் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களையும், சைக்கிளில் பிள்ளையை முன்னுக்கும் அரிசி மூட்டையைப் பின்னுக்கும் வைத்து ஓடிய பெண்களையும் எமது சகோதரிகள் மறக்கவில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறிப் போனோம். 2006இல் அதுவும் மூடப்பட்டது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இவ்வாறான அனுபவங்களினால், 'ஏதோ ஒன்று ஓடினால் போதும்' என்ற மனநிலை எம்மிடம் ஊறிவிட்டது. கிடைத்ததற்கு நன்றி சொல்லப் பழகிய நாம், கிடைக்க வேண்டியதைக் கேட்கப் பழகவில்லை.

எமது சகோதரிகளின் கருத்துக்கள்

பெண்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். எமது கூட்டத்தில் இவ்விடயம் பேசப்பட்டபோது நல்ல வாக்குவாதமே நடந்தது.

"சீ.ரீ.பி. இல்லாட்டி நாங்கள் இல்லை" என்றார் ஒரு தாய். அவருடைய இரண்டு பிள்ளைகளும் சீசன் ரிக்கற்றில் பாடசாலைக்குப் போகின்றனர். தனியார் பஸ்ஸில் சீசன் செல்லாது. இரண்டு பிள்ளைகளுக்கும் நாள்தோறும் காசு கொடுத்து அனுப்ப அவரால் முடியாது.

"சீ.ரீ.பி. கையைக் காட்டினாலும் நிக்காது. மினிபஸ்காரன்தான் படலையடியில் நிப்பாட்டி, என்ரை மரக்கறிச் சாக்கையும் தூக்கி ஏத்துவான்" என்றார் சந்தையில் மரக்கறி விற்கும் இன்னொரு சகோதரி.

"ஏத்துவான், பிறகு அரை மணித்தியாலம் சந்தியில் நிண்டு ஆள் பிடிப்பான். கிளினிக்குக்கு நம்பர் எடுக்கப் போற எனக்கு அது சரிவராது" என்று மறுத்தார் மூன்றாமவர்.

கட்டணம் பற்றியும் பேச்சு வந்தது. 2021 முடிவில் 14 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம், பொருளாதார நெருக்கடியின்போது படிப்படியாக உயர்ந்து 2022 ஜூலை 1ஆம் திகதி 40 ரூபாவாகியது. எரிபொருள் விலை இறங்கியபோது கட்டணமும் ஓரளவு குறைக்கப்பட்டது. ஆனால் அந்தப் பழைய 14 ரூபாவை நாம் மீண்டும் காணவில்லை. அக்காலத்தில் நகரத்து வேலையையும் வகுப்பையும் கைவிட்ட பலர் பின்னர் அவற்றுக்குத் திரும்பவும் இல்லை. மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று சேமித்தவர்களுக்கும் ஏமாற்றமே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே எட்டாத விலைக்குப் போயின.

"தமிழ்நாட்டில பொம்பிளையளுக்கு பஸ் சும்மாவாமே?" என்று ஓர் இளம் சகோதரி கேட்டார். உண்மைதான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். டில்லியில் 2019 ஒக்டோபரிலும் கர்நாடகத்தில் 2023 ஜூனிலும் இவ்வாறான திட்டங்கள் ஆரம்பிக்கப்பட்டன. அங்கு இதற்காகும் செலவை அரசு பஸ் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது.

எமக்கும் அது வேண்டுமா என்று கேட்டேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு செயற்கைக் கால் பொருத்திய ஒரு சகோதரி சொன்னார்: "காசு குடுக்கிறம், அது பரவாயில்லை. முதல் பஸ் வரட்டும். வந்தால் நான் ஏறி முடியும்வரைக்கும் நிக்கட்டும்."

எல்லோரும் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டனர். அவர் பஸ்ஸில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். முதற்படி முழங்கால் உயரத்தில் இருக்கும். கம்பியைப் பிடித்து நல்ல காலை வைத்து, மற்றக் காலைத் தூக்குவதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிடும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டது. பொது இடங்களை அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியிடப்பட்டன. போரில் அவயவங்களை இழந்த இத்தனை பேர் வாழும் எமது பிரதேசங்களில் பஸ் படி மட்டும் இன்னும் அதே உயரத்தில் இருக்கிறது.

வாய்விட்டுச் சொல்லாத காரணம்

கூட்டம் முடிந்து பலரும் போன பின்னர், இருபது வயதான ஒரு மகள் என்னிடம் தனியாக வந்தார். கணினி வகுப்பை விட்டுவிட்டதாகச் சொன்னார். பஸ் நேரத்துக்கு வருகின்றது; கட்டணமும் பிரச்சினையில்லை. ஆனால் நெரிசலில் ஒருவன் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பின்னால் வந்து நிற்கிறானாம். வீட்டில் சொன்னால் வகுப்பை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. இறுதியில் அவரே வகுப்பை நிறுத்திக்கொண்டார்.

இந்த மகள் தனித்தவர் அல்லர். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வொன்றில், பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகப் பெண்களில் 90 வீதமானோர் தெரிவித்தனர். அவர்களில் பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 வீதத்தினர் மாத்திரமே.

இதற்குச் சட்டம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டது. அதன்படி பாலியல் தொல்லை கொடுப்பவருக்கு ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் நெரிசலான பஸ்ஸில் ஒரு பெண் குரல் எழுப்பும்போது நடத்துனரும் ஏனைய பயணிகளும் மௌனமாக இருந்தால் அந்தச் சட்டம் புத்தகத்தில்தான் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பஸ் ஓட வேண்டிய நேரத்தில் ஒரு பஸ் ஓடினால் நெரிசல் வரும். நெரிசல், தொல்லை கொடுப்பவனுக்கு மறைவிடம். எனவே பஸ் நேர அட்டவணை வெறும் நேரக் கணக்கு அல்ல. அது எமது பிள்ளைகளின் பாதுகாப்போடும் சம்பந்தப்பட்டது.

பஸ் ஏன் வருவதில்லை?

சாரதியையும் நடத்துனரையும் திட்டுவது எமக்கு இலகு. அவர்களுடனும் பேசிப் பார்த்தேன். தனியார் பஸ்களில் வேலை செய்யும் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அன்றன்று சேரும் காசில் டீசல் செலவும் உரிமையாளரின் பங்கும் போக மிஞ்சுவதிலேயே அவர்களுக்குக் கூலி. அதனால்தான் ஆள் உள்ள சந்தியில் நின்று காத்திருக்கிறார்கள். முன்னே போகும் பஸ்ஸை முந்தப் போட்டியிட்டு ஓடுகிறார்கள். ஆள் குறைந்த மாலை நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 'இரவில மூண்டு பேரை ஏத்திக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் டீசலுக்கும் காணாது அக்கா' என்று ஒரு நடத்துனர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

அரச பஸ்ஸின் ஊழியருக்குச் சம்பளம் உண்டு. அங்கே வேறு பிரச்சினை. வண்டி பழுது, உதிரிப்பாகம் இல்லை, சாரதி பற்றாக்குறை என்று வரும்போது எந்த ஓட்டத்தை நிறுத்துவது என்று பார்ப்பார்கள். வருமானம் குறைந்த ஓட்டமே முதலில் நிறுத்தப்படும். அது பெரும்பாலும் ஒரு கிராமத்தின் கடைசி பஸ்ஸாக இருக்கும்.

ஆனால் இலாபம் தராத பாதையில் பஸ் ஓடத் தேவையில்லை என்பது அரசின் கொள்கை அல்ல. பாடசாலைப் பிள்ளைகளுக்கான 'சிசு செரிய' சேவை 2005இல் ஆரம்பிக்கப்பட்டது. கிராமப் பாதைகளுக்கென 'கெமி செரிய', இரவு நேரத்துக்கென 'நிசி செரிய' என்ற பெயர்களிலும் அரச உதவியுடனான திட்டங்களைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு உருவாக்கியது. மூன்று பேரை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கும் அரசு பணம் கொடுக்க வேண்டும் என்பதே இத்திட்டங்களின் அடிப்படை. கேட்பவர்களுக்குத்தான் திட்டம் கிடைக்கும். நாம் கேட்கவில்லை.

யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்?

சமூகவியல் படித்த காலத்தில், ஒரு முடிவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த மேசையில் யார் இருந்தார்கள் என்று பார் என எமக்குச் சொல்லித் தந்தார்கள். போக்குவரத்தில் அதைப் பொருத்திப் பார்ப்போம்.

வவுனியாவில் 2018 ஜனவரியில் பழைய பஸ் நிலையம் மூடப்பட்டு, சேவைகள் புதிய நிலையத்துக்கு மாற்றப்பட்டபோது, இ.போ.ச. ஊழியர்கள் வடக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். யாழ்ப்பாணத்தில் நெடுந்தூரச் சேவைகளுக்கான புதிய பஸ் நிலையம் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. இ.போ.ச. தரப்பு அங்கே செல்ல உடன்படாததால் தனியார் பஸ் ஓரிடம், அரச பஸ் இன்னோரிடம் என்ற நிலை நீடித்தது. அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே அட்டவணையில் மாறி மாறி ஓட வேண்டும் என்ற 'இணைந்த நேர அட்டவணை' பற்றிய சண்டையும் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது.

இத்தகராறுகளில் ஊழியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் அவரவர் நியாயம் இருக்கலாம். அவர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. அமைச்சர்களுடனும் அதிகாரிகளுடனும் பேசுகின்றார்கள். ஆனால் கைக்குழந்தையுடன் ஒரு நிலையத்தில் இறங்கி, மற்ற நிலையத்துக்கு வெயிலில் நடந்து போகும் தாய்க்குச் சங்கம் இல்லை. அந்த மேசையில் அவளுக்குக் கதிரை போடப்படவில்லை.

கொழும்பிலும் இதே கதைதான். மாலபேயிலிருந்து கொழும்பு கோட்டை வரை இலகு ரயில் பாதை அமைக்க 2019இல் ஜப்பானுடன் கடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. 2020 செப்டெம்பரில் அத்திட்டம் இரத்துச் செய்யப்பட்டது. தொடங்கியபோதும் நிறுத்தியபோதும், அந்த வீதியில் தினமும் நெரிசலில் நின்று வேலைக்குப் போகும் பெண்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

ஆண் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிறான். பெண்ணின் பயணம் அப்படியல்ல. பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்து, பிரதேச செயலகத்தில் கையெழுத்து வைத்து, சந்தையில் சாமான் வாங்கி, பிள்ளை வரும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நிரம்பி ஓடும் பஸ், பத்து மணிக்கும் நாலரைக்கும் ஓடாவிட்டால் இந்தப் பயணம் குலைந்துவிடும். இதை அனுபவித்தவர்கள் சொல்லாவிட்டால் அட்டவணை எழுதுபவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு கடிதத்தின் கதை

எமது குழுவினர் கடைசியில் ஒரு சிறிய காரியம் செய்தார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், தமது ஊருக்கான பஸ் நேர அட்டவணையைத் தருமாறு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினார்கள். அது எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமில்லை. எந்த ஊரிலும் இப்படி நடந்திருக்கலாம். கடிதத்தைத் தமிழிலேயே, ஒரு கொப்பித்தாளில் எழுதினோம். என்ன காரணத்துக்காகத் தகவல் வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கூட்டத்தில் அதை உரத்து வாசித்தேன். காலை ஓட்டங்கள் எல்லாம் எமக்குத் தெரிந்தவை. பிற்பகல் நாலேகால் பஸ்ஸும் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: மாலை ஆறேகால்.

"அப்பிடி ஒரு பஸ்ஸே இல்லை" என்றார்கள் எல்லோரும். அப்போது அறுபது வயதான ஓர் அம்மா சொன்னார்: "இருந்தது பிள்ளையள். டீசல் இல்லாத காலத்தில நிண்டது. பிறகு ஆரும் கேக்கேல்லை."

2022இல் டீசல் தட்டுப்பாட்டினால் நின்ற பஸ், டீசல் வந்த பிறகும் வரவில்லை. அட்டவணையில் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வரியினால்தான் எமது சகோதரி தனது வேலையை இழந்தார்.

அடுத்த கடிதம் இலகுவாக இருந்தது. புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. 'உங்கள் அட்டவணையில் உள்ள ஆறேகால் பஸ்ஸை ஓடச் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதி, ஊரில் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் விவசாயிகளும் பாடசாலை அதிபரும் கையெழுத்திட்டனர். ஒரு பிரதியைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கும் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பேசியவர், மாதாந்தக் கூட்டத்தில்கூட வாய் திறக்காத ஒரு சகோதரி. கையில் இருந்த கடிதம் நடுங்கியது. குரல் நடுங்கவில்லை.

பஸ் வந்தது. முதல் நாள் சந்தியில் நின்று பார்த்தவர்கள் கைதட்டினார்களாம். மூன்றாவது வாரம் நின்றுவிட்டது. வண்டி பழுது என்றார்கள். மீண்டும் எழுதினோம். மீண்டும் வந்தது. இப்பொழுதும் சில நாட்களில் வருவதில்லை. சந்தியில் உள்ள தேநீர்க்கடையில் ஒரு கொப்பி தொங்குகிறது. பஸ் வந்த நேரம், வராத நாள் எல்லாவற்றையும் அதில் குறித்து வைக்கிறார்கள். 'அடிக்கடி வருவதில்லை' என்று சொல்வதைவிட 'இம்மாதம் ஐந்து நாட்கள் வரவில்லை' என்று திகதியோடு சொல்லும்போது பதில் கிடைக்கிறது.

புடைவைக் கடைச் சகோதரிக்கு அந்தப் பழைய வேலை கிடைக்கவில்லை; அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். ஆனால் சில மாதங்களுக்குப் பின் ஒரு வெதுப்பகத்தில் சேர்ந்தார். ஆறேகால் பஸ்ஸில் வீடு வருகிறார். அவருடைய மகளும் மாலை விஞ்ஞான வகுப்பு முடிந்து அதே பஸ்ஸில் தாயுடன் வருகிறாள்.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, உங்கள் ஊரின் நிலைமை இதிலிருந்து வேறுபடலாம். ஆயினும் பின்வருவனவற்றை எவரும் செய்து பார்க்கலாம்.

1. உங்கள் பாதையின் நேர அட்டவணையைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் இதற்கென ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும்.

2. பஸ் வராத நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பஸ்ஸின் இலக்கத்தையும் எழுதுங்கள்.

3. இ.போ.ச. பஸ் என்றால் டிப்போவுக்கும், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் எழுதுங்கள். மாகாணங்களுக்கு இடையிலான தனியார் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் முறையிடலாம்.

4. தரிப்பிடத்துக்குக் கூரை, வெளிச்சம், பஸ் நிலையத்தில் பெண்களுக்கான மலசலகூடம் ஆகியவற்றை நகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களிடம் கேளுங்கள். 2018 தேர்தல் முதல் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெண் உறுப்பினர்களிடம் முதலில் போங்கள்.

5. பஸ்ஸில் தொல்லை ஏற்பட்டால் அது உங்கள் குற்றமல்ல. நடத்துனரிடம் உரத்துச் சொல்லுங்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வேறொரு பெண் குரல் எழுப்பினால் அவளுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அது ஒரு பெரிய உதவி.

6. தனியாக எழுதும் கடிதத்தைவிட ஊர் சேர்ந்து எழுதும் கடிதத்துக்குப் பலம் அதிகம். சாரதிகளையும் நடத்துனர்களையும் பகைக்காமல் அவர்களையும் பேச்சுக்கு அழையுங்கள். எமது ஊரில் மூன்று பேருடன் ஓடிய ஆறேகால் பஸ்ஸில் இப்போது இருபது பேர் வரை ஏறுகிறார்கள். நடத்துனருக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

பொதுமக்கள் கருத்து என்பது தேர்தல் காலத்தில் மட்டும் கேட்கப்படும் ஒன்றல்ல. சந்தியில் நின்று, 'இன்னும் வரேல்லையே' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோமே, அதுவும் பொதுமக்கள் கருத்துத்தான். அதை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, கையெழுத்து வைத்து, உரியவரின் மேசைக்கு அனுப்புவது மட்டுமே மீதி வேலை.

எமது மாதாந்தக் கூட்டத்தை இப்பொழுது காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டோம். அதை நான் முதலிலேயே செய்திருக்கலாம். பத்து மணிக்கு வந்து, மதியத்துக்குள் பேசி முடித்து, பன்னிரண்டரை பஸ்ஸில் எல்லோரும் வீடு போகின்றனர். அந்த அறிக்கையில் எழுதிய வாக்கியத்தையும் திருத்திவிட்டேன். பங்குபற்றுநர்களின் ஆர்வத்தில் எந்தக் குறையும் இல்லை.

உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அட்டவணையில் இருக்கும் கடைசி பஸ்ஸும் அதுதானா? ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.